சிவப்புப் பூசிய காசுகளும் லிப்ராதாவின் கடனும்

லிப்ராதா கீவிஸ் தன் கொழுந்தன் சாலோவுக்கு மூவாயிரம் டாலர் கடன்பட்டிருந்தாள். புருஷன் ரமீரோவைப் புதைப்பதற்கு வாங்கிய கடன். சவப்பெட்டி, குழி, கோயில் காணிக்கை, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாம் சேர்த்து அவ்வளவு ஆயிற்று. எழுத்து ஒன்றும் கிடையாது. கல்லறைத் தோட்டத்து வாசலில் சாலோ நோட்டுகளை எடுத்து எண்ணி அவள் கையில் கொடுத்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நான் அங்கே நின்றதற்குக் காரணம் உண்டு. லிப்ராதாவின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தந்தையாக நின்றவன் நான். எங்கள் வழக்கத்தில் அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அன்றிலிருந்து அவளுக்கு நான் கொம்பாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. என் பெயர் பெர்மீன் உர்கீதெஸ். தெற்கு டூசானில் ஆறாம் அவென்யூவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் என்னைக் காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பருத்திக் காட்டுக்குப் போனவன். இரவல் வாங்கிய ஒரு வண்டியும் காலொடிந்த ஒரு பில்லியர்ட்ஸ் மேசையும் வைத்துத் தொழில் தொடங்கினேன். லிப்ராதாவின் கதை நடந்த காலத்தில் இருபத்தாறு மதுக்கடைகளில், காசு போட்டால் பாடும் என் பாட்டுப்பெட்டியும் பில்லியர்ட்ஸ் மேசையும் நின்றன. ஊரின் தெற்குப் பாதியில் காதல் தோல்வி என்று ஒருவன் அழுதால், அவன் அழுவதற்குப் போட்ட பாட்டில் எனக்குப் பாதிப் பங்கு.

ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல.

லிப்ராதா ஆஹோவில் பிறந்தவள். செப்புச் சுரங்க ஊர். அப்பா உலையில் வேலை பார்த்து இருமி இருமிச் செத்தார். பதினைந்து வயதில் இங்கே வந்து ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைத்தாள். பீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ரமீரோவைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் நடத்திய மதுக்கடையை வாங்கியது அவள் விரிப்பு துவைத்துச் சேர்த்த பணத்தில். லைசென்ஸும் அவள் பெயரில்தான். ரமீரோவுக்கு இளவயதில் ஏதோ அடிதடி வழக்கு இருந்ததால் அவன் பெயரில் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. நல்ல மனுஷன், பாட்டுப் பிடிக்கும், வேலை பிடிக்காது.

கடையில் அவள் வைத்ததுதான் சட்டம். மேசை மேல் தொப்பி வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை இறால் சூப்புக்குக் காசு கிடையாது, ஆனால் இரண்டாம் கிண்ணம் கேட்பவன் பாத்திரம் கழுவ வேண்டும். விரல் நகங்களில் எப்போதும் ரத்தச் சிவப்பு. புருஷன் சவப்பெட்டி மேல் மண் போட்டபோதும் அந்தச் சிவப்பு இருந்தது. அதைப் பற்றி இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். "அவருக்குப் பிடிச்ச கலர்" என்று அவர்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

ரமீரோ அவளுக்கு விட்டுப்போனது ஒரு ஊறுகாய் ஜாடி. உள்ளே முழுக்கக் கால் டாலர் காசு. எழுபத்தாறாம் ஆண்டு, நாடு பிறந்து இருநூறு வருஷம் ஆனதற்கு அடித்தார்களே, மேளக்காரன் படம் போட்டது, அந்தக் காசு. கல்லாவில் அது வரும்போதெல்லாம் எடுத்து ஜாடியில் போடுவான். "என்னைப் புதைக்க இது போதும்டி, மிச்சத்துல நீ ஒரு கார் வாங்கிக்கோ" என்பான். அவன் செத்த அன்று அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

இந்த இடத்தில் என் கண்ணைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாதத்துக்கு இருபதாயிரம் முப்பதாயிரம் கால் டாலர் காசு என் கை வழியாகப் போகும். மெஷின் எண்ணும், ஆனால் நான் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடுவேன். அறுபத்தைந்துக்கு முந்தின வெள்ளிக் காசை விளிம்பைப் பார்த்தே எடுப்பேன். மாநிலத்துக்கு ஒன்று என்று நினைவுக் காசுகள் வர ஆரம்பித்த பிறகு எனக்கு வேலை கூடிப்போனது. அச்சு தப்பியது, அச்சில் விரிசல் விழுந்தது, இரண்டு தடவை அடித்தது, எல்லாம் என் கண்ணுக்குத் தெரியும். என் வீட்டுச் சமையலறை அந்தக் காசில் கட்டியது.

மேளக்காரன் காசு நூறு கோடிக்கு மேல் அடித்தார்கள். கால் டாலர் என்றால் கால் டாலர்தான். லிப்ராதாவிடம் நான் பொய் சொல்லவில்லை. ஜாடியில் அறுபத்தொரு டாலர் இருந்தது. அவள் ஜாடியை மூடித் தள்ளி வைத்தாள். பிறகு, "பாவி மனுஷன், சாகுற வரைக்கும் பணக்காரனா இருந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் சாலோவிடம் வாங்கினாள்.

சாலோ ரமீரோவின் தம்பி. கூரை வேலை ஒப்பந்தக்காரன். பணம் கொடுத்த மறுநாளிலிருந்து கடையின் மூலை ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டான். குடிக்கிறதுக்குக் காசு கொடுப்பதில்லை. வாடிக்கையாளர்களை "வாங்க, உக்காருங்க, நம்ம கடைதான்" என்பான். அவள் பணம் சேர்த்துக் கொடுக்கப் போனால், "வச்சுக்க அண்ணி, மொத்தமா குடு" என்பான். மொத்தமாகச் சேரவே சேராது. அந்தக் கோடையில் கூலர் கெட்டது, மறு கோடையில் குழாய் வெடித்தது. இப்படி ஏறக்குறைய இரண்டு வருஷம்.

இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில் அவன் மனசில் இருந்தது வெளியே வந்தது.

"அண்ணி, பிப்ரவரி கடைசியில லைசென்ஸ் புதுப்பிக்கணும்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"குடும்பத்துக்குள்ள கடன் என்ன கடன்? தாள்ல என் பேரையும் சேத்துடு. கணக்குத் தீந்துடும்."

"உன் பேரு ஏறுன மறு மாசம் என் பேரு இறங்கிடும் சாலோ."

"அப்படின்னா மூவாயிரத்தை எடுத்து வை. ரெண்டுல ஒண்ணு. நான் நியாயமான ஆளு."

நான் பணம் தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். மூவாயிரம் எனக்கு அப்போது பெரிய தொகை இல்லை. அவள் கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "இந்த ஸ்டூல்ல அவன் எந்திரிச்சு நீ உக்காரவா கொம்பாத்ரே?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் பேசவில்லை. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது.

அந்த ஜனவரியில்தான் ஊரே பைத்தியமானது. விஸ்கான்சின் மாநிலத்து நினைவுக் காசு வந்திருந்தது. ஒரு பக்கம் வழக்கம்போல வாஷிங்டன் தலை. மறுபக்கம் ஒரு மாடு, ஒரு சீஸ் சக்கரம், ஒரு சோளக் கதிர். டென்வர் நாணயச்சாலையில் அடித்த சில காசுகளில் சோளக் கதிரின் இடப்பக்கம் இல்லாத ஓர் இலை முளைத்திருந்தது. சிலதில் அந்த இலை மேலே தூக்கி நின்றது. சிலதில் வளைந்து கீழே சீஸைத் தொட்டது. இது அதிகமாக வந்து சேர்ந்தது எங்கள் ஊருக்கு. யாரோ கண்டுபிடித்துப் பத்திரிகையில் போட, மளிகைக்கடைக் கல்லாவில் பெண்கள் மீதிச் சில்லறையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். வங்கியில் கால் டாலர் சுருள் கேட்டால் ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள்.

நான் என் வசூலை எல்லாம் அலசினேன். ஒன்பது கிடைத்தது. இருபத்தாறு கடைக்கு ஒன்பது. புதுக் காசு ஊர் முழுக்கச் சிதறிப் போயிருந்தது.

லிப்ராதாவிடம் போய்ப் படம் வரைந்து காட்டினேன். அவள் கல்லாவை மேசையில் கொட்டினாள். மாடு மூன்று இருந்தது, இலை ஒன்றிலும் இல்லை.

சாலோ மூலையிலிருந்து சிரித்தான். "அண்ணன் மேளக்காரனைச் சேத்தான், அண்ணி மாட்டைச் சேக்குறா. அடுத்து என்ன பெர்மீன், கோழியா?"

"கோழி உக்காந்த இடத்துல முட்டையாவது போடும்" என்றாள் லிப்ராதா, அவன் ஸ்டூலைப் பார்த்து.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடையில் ஆள் குறைந்து அமைதியாக இருந்தால் கடைக்காரர் தானே பாட்டுப்பெட்டியில் காசு போட்டுப் பாட வைப்பார். பாட்டு ஓடினால்தான் அடுத்தவன் எழுந்து போய்க் காசு போடுவான். அப்படிப் போடும் காசு கடைக்காரருடையது. அதைப் பிரித்து அறிவதற்காக முன்பே சிவப்பு பூசி வைப்பார்கள். நான் வந்து பெட்டியைத் திறந்து கொட்டும்போது முதலில் சிவப்பை எல்லாம் வழித்துக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சத்தை ஆளுக்குப் பாதி. சிவப்புக் காசை எண்ணக்கூட மாட்டேன், திருப்பிப் பார்க்கவும் மாட்டேன். அது என் காசு இல்லை. அதைத் தொட்டு நோண்டுகிற வசூல்காரனை எந்தக் கடையும் உள்ளே விடாது. முப்பது வருஷத்தில் ஒரு சிவப்புக் காசு குறைந்தது என்று என்னை ஒருவர் கேட்டதில்லை.

மற்ற கடைக்காரர்கள் வேலிக்கு அடிக்கிற பெயிண்ட்டைப் பூசுவார்கள். லிப்ராதா தன் நகப்பூச்சையே மெல்லிசாகப் பூசுவாள். அவள் கடைக் காசு வெளிச்சத்தில் மின்னும்.

வசூல் நாள் இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பிப்ரவரி முதல் செவ்வாய். கடை திறக்கும் முன், நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்து கிடக்கும் காலை நேரம். சாலோ அப்போதே வந்து காபியில் எதையோ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். நான் துண்டை விரித்துப் பெட்டியைக் கொட்டினேன். சிவப்பு நிறையவே இருந்தது. ஏனென்றால் சாலோ அவள் டப்பாவிலிருந்து சிவப்புக் காசை எடுத்துத் தினமும் ஒரே பாட்டைப் போடுவான். உள்ளங்கையால் வழித்து அவள் பக்கம் தள்ளினேன்.

தள்ளும்போது ஒரு காசு உருண்டு என் காபிக் கோப்பையில் மோதிக் கவிழ்ந்தது. மாட்டுப் பக்கம் மேலே. நகப்பூச்சு ஓரத்தில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் சோளக் கதிர். கதிரின் இடப்பக்கம் ஒரு கோடு.

நான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

"என்ன கொம்பாத்ரே, என் காசையெல்லாம் பாக்குற? புதுசா இருக்கு!"

"கொமாத்ரே, உத்தரவு குடு. இதைத் தொடலாமா?"

"தொடு. கடிக்காது."

இலை இருந்தது. மேல் நோக்கி நின்ற இலை. லென்ஸை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன்.

"இதை எப்ப வாங்குன?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். சாலோ எல்லாத்தையும் பாட்டுல போட்டுடுறான், டப்பா காலி. பேங்க்ல ரெண்டு சுருள் வாங்கிட்டு வந்து உக்காந்து பூசுனேன். ஏன், கள்ளக் காசா?"

"ரெண்டு சுருளும் மாடா?"

"எல்லாம் மாடுதான். பளபளன்னு புதுசு."

"எல்லாத்துக்கும் மாட்டுப் பக்கந்தான் பூசுனியா?"

"பின்ன? ஜார்ஜ் வாஷிங்டன் மூஞ்சியில நெயில் பாலிஷா அடிப்பாங்க? பெரிய மனுஷன். மாடு ஒண்ணும் கோவிச்சுக்காது."

இரண்டு சுருள் என்றால் எண்பது காசு. ஊர் முழுக்க இந்தக் காசைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது எண்பது மாடும் இந்தக் கடைக்குள்ளேயே டப்பாவுக்கும் பாட்டுப்பெட்டிக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தன. சிவப்பு பூசியதால் ஒருவனும் மீதிச் சில்லறையாக வெளியே கொண்டு போகவில்லை. சிவப்பு பூசியதால் நானும் பார்க்கவில்லை, அவளுக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஜனவரியில் இரண்டு தடவை என் கையாலேயே வழித்துத் தள்ளியிருக்கிறேன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சாலோ எழுந்து வந்துவிட்டான். ஒரு கைப்பிடி சிவப்பை அள்ளினான், பேனாக்கத்தியை விரித்தான், சுரண்ட ஆரம்பித்தான்.

"டேய், கத்தியை வைடா!" என்று நான் கத்தினேன்.

"இலை இருக்கான்னு பாக்க வேணாமா?"

"நீ சுரண்டுறது இலையைத்தான்டா!"

லிப்ராதா ஈரத் துணியைச் சுழற்றி அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். கத்தி தரையில் விழுந்தது. அதற்குள் ஐந்து காசுகளைக் கெடுத்திருந்தான். ஐந்திலும் இலை இருந்தது என்பது பிறகு தெரிந்தது. கீறின காசைச் சேகரிப்பவன் தொட மாட்டான். பழையதை மினுக்குகிறேன் என்று பற்பசை போட்டுத் தேய்த்தாலும் அதே கதிதான். அழுக்குக் காசுக்கு விலை உண்டு, தேய்த்த காசுக்கு இல்லை.

"சரி, இந்தப் பூச்சை எப்படி எடுக்குறது?" என்று நான் யோசித்தேன். "தேய்க்கவும் கூடாது..."

"அதை எங்கிட்ட விடு" என்றாள் லிப்ராதா. "நீ காசுக்காரன். நகம் என்னுது."

"கடையில ரிமூவர் வாங்கிட்டு வரட்டுமா?"

"அதுல எண்ணெயும் ரோஜா வாசனையும் கலந்திருப்பான். வெறும் அசிட்டோன் வேணும். பெயிண்ட் கடையில தகர டப்பாவுல கிடைக்கும். போய்ட்டு வா."

போனேன். முதலாளி நான், அவள் ஏவலுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அகலமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள். சாலோ உதவி செய்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினான்.

"அது கரைஞ்சு காசுல ஒட்டிக்கும். உன் மூளை மாதிரி."

அவன் சிகரெட்டை எடுத்தான்.

"வெளிய போ! இது தீப்பிடிக்கும்டா! கடையைக் கொளுத்திட்டா எதுல உன் பேரைப் போடுவ?"

கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தாள். அவன் நடைபாதையில் நின்று புகைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். அவள் பாத்திரத்தில் அசிட்டோனை ஊற்றி, டப்பாவில் மிச்சமிருந்த சிவப்பையும் சேர்த்துக் காசுகளை ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்து உள்ளே இறக்கினாள். கண்ணாடிக்குள் சிவப்பு மெதுவாகக் கலங்கி எழுந்தது. அவள் அவசரப்படவில்லை. கலங்கியதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள், அதையும் மாற்றினாள். வெளியே எடுத்த காசைத் துணியில் துடைக்கவில்லை, விரித்த துண்டில் வைத்தாள், தானாக உலர்ந்தது. இதெல்லாம் நான் சொல்லித்தந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை, அவளே செய்தாள். நான் சொன்னது தேய்க்காதே என்ற ஒரே வார்த்தை.

பிரிக்கிற வேலை என்னுடையது. அதில் எனக்கு ஈடு அன்றைக்கு இந்த ஊரில் இல்லை. லென்ஸில் பார்த்து மூன்று குவியலாகப் போட்டேன். வெறும் மாடு, மேல் இலை, கீழ் இலை. பாதிக்கு மேல் வெறும் மாடு. இலை எல்லாம் ஒரே சுருளில் வந்திருக்க வேண்டும். கத்தி கெடுத்த ஐந்து போக, மேல் இலை பதினொன்று, கீழ் இலை பதினேழு.

சாலோ சிகரெட்டை மிதித்துவிட்டு உள்ளே வந்தான். அவன் குரல் குழைந்திருந்தது.

"அண்ணி, இது கடைக் காசு. கடையில பாதி என்னுது. அப்ப மாட்டுலயும் பாதி என்னுது."

"கடையில பாதி உன்னுதுன்னு யாரு சொன்னா?"

"மூவாயிரம் சொல்லுது."

"மூவாயிரம், மூவாயிரம்னுதான் சொல்லும். வேற எதுவும் சொல்லாது."

அவன் என் பக்கம் திரும்பினான். "பெர்மீன், நீ சொல்லு. உன் பெட்டியிலேர்ந்து வந்த காசு. உனக்கும் பங்கு கேக்கலாமே?"

"சிவப்பு கடைக்காரங்களுக்கு. உனக்குத் தெரியாதா?"

"இப்ப சிவப்பு எங்க இருக்கு? கழுவியாச்சே!"

"என் கண்ணுல இருக்கு" என்றேன்.

இருபத்தெட்டு காசில் பாதி கேட்டால் எனக்குப் பதினாலு. ஊரில் சிலர் இன்னும் என்னை முட்டாள் என்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் இருபத்தாறு கடையின் சாவி இல்லை.

அவன் விடவில்லை, வேறு வழியில் வந்தான். "சரி, விக்காதீங்க. ரெண்டு வருஷம் பெட்டியில வைங்க. ஒவ்வொண்ணும் ஆயிரம் டாலருக்குப் போகும்."

லிப்ராதா என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சந்தேகம். ஆயிரம் என்ற வார்த்தை யாரையும் அசைக்கும். அவள் தகப்பன் உலையில் வருஷம் முழுக்க நின்றாலும் சம்பாதிக்காத தொகை அந்தத் துண்டில் கிடந்தது.

"கொமாத்ரே, கேட்டுக்கோ. இப்ப ஊரு பூரா தேடுது. தேடுறப்பதான் விலை. இன்னும் ஆறு மாசத்துல எல்லாரு வீட்டு டப்பாவுலேர்ந்தும் இலை வெளிய வரும். அப்ப விலை இறங்கும். உனக்கு வேண்டியது ஆயிரமா, இந்த மாசக் கடைசியா?"

அவள் துண்டை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு யோசித்து அவிழ்த்தாள். "ஒண்ணோட ஒண்ணு உரசுமா?"

"உரசும்."

முட்டை அட்டையை எடுத்துவந்து குழிக்கு ஒன்றாக வைத்தாள்.

வியாழக்கிழமை காசு வியாபாரி ப்ராசார்டிடம் போனோம். பருத்த ஆள், மூச்சு வாங்கும், ஆனால் திருடன் இல்லை. முட்டை அட்டையைப் பார்த்து, "எனக்கு இன்னிக்கு ஆம்லெட்டா?" என்றார். ஒவ்வொன்றாக எடுத்து விளக்கடியில் பிடித்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"விசித்திரமா இருக்கும்மா. முன்பக்கம் மெஷின்ல நாலு தட்டுத் தட்டியிருக்கு. பின்பக்கம் நாணயச்சாலையிலேர்ந்து நேத்து வந்த மாதிரி இருக்கு. எப்படி?"

"ஜனாதிபதி வேலைக்குப் போனாரு" என்றாள் லிப்ராதா. "மாடு சட்டை போட்டுத் தூங்குச்சு."

அவருக்குப் புரியவில்லை. அவள் விரல் நகத்தைக் காட்டினாள். அப்போது புரிந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, மேல் இலைக்கு நூறு, கீழ் இலைக்கு எழுபது என்றார்.

இந்த மாதிரிப் பேரத்துக்காகவே பிறந்தவன் நான். என் ஒன்பது காசைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன் வைத்தேன். "இதையும் இன்னிக்கே உங்களுக்குத் தர்றேன், உங்க நூறு எழுபதுக்கே. என் காசுல நீங்க லாபம் பாருங்க. அவங்க காசுக்கு நூத்திருபது, தொண்ணூறு போடுங்க."

"பெர்மீன், நீ வியாபாரியா, கொள்ளைக்காரனா?"

"பருத்தி எடுத்தவன். ரெண்டும் தெரியும்."

அவர் மறுத்துத் தலையாட்டினார், பிறகு ஒப்புக்கொண்டு தலையாட்டினார். இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது டாலர். லிப்ராதா வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் ஒன்பதுல எவ்வளவு விட்ட?"

"ஒண்ணும் விடல."

"கொம்பாத்ரே."

"கொஞ்சம் விட்டேன். போ."

"ஒரு வருஷத்துக்கு இறால் சூப்பு, ரெண்டாம் கிண்ணத்துக்குப் பாத்திரம் கழுவ வேணாம்" என்றாள். அதோடு முடிந்தது.

இன்னும் நூற்றைம்பது குறைந்தது. செவ்வாய்க்கிழமை வசூலில் அவளுக்கு வந்த பாதி நூற்று எழுபது சொச்சம். அதிலிருந்து எடுத்துக்கொண்டாள். என் சட்டைப் பையை அவள் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை கடை நிறைந்திருந்தது. சம்பள நாள், சூப்பு நாள். சாலோ தன் ஸ்டூலில். அவன் பக்கத்தில் எலிசேயோ கிழவர் சூப்பில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். ரயில்வேயில் இருந்தவர், ரமீரோவின் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் ஒருவர். பில்லியர்ட்ஸ் மேசையில் இரண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

லிப்ராதா மேசைக்குப் பின்னாலிருந்து சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். கையில் உறை.

"சாலோ, கையை நீட்டு."

அவன் பார்த்தான். எது என்று தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"இப்ப எதுக்கு அண்ணி? எல்லாரும் சந்தோஷமா இருக்குறப்ப... அப்புறம் பேசலாம்."

"பேச ஒண்ணும் இல்ல. நீட்டு."

"மேசை மேல வையேன். எடுத்துக்கறேன்."

"கையில குடுத்தது கையில திரும்பும். உன் அண்ணனைப் புதைச்ச பணம். பீர் நனைச்ச மேசையில வைக்க மாட்டேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "எனக்குப் பணம் வேணும்னு யாரு கேட்டா? குடும்பம் இது. பெர்மீன் ஏத்திவிட்டானா உன்னை?"

நான் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பாட்டுப்பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து உருவினேன். பாட்டு பாதியில் அறுந்தது. பில்லியர்ட்ஸ் ஆடிய பையன்கள் கோலை ஊன்றி நின்றார்கள். கடையில் சூப்பு உறிஞ்சுகிற சத்தம்கூட இல்லை.

எலிசேயோ கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார்.

"வாங்கிக்க சாலோ" என்றார். "இல்லன்னா ஏன் வேணாம்னு எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அதுதான் அவனால் முடியாதது. ஏன் வேண்டாம் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் இறந்த அண்ணனின் பெண்டாட்டி கடையைப் பிடுங்க வந்தவன் என்று அந்தத் தெருவில் அவன் பெயர் நிற்கும். அவன் கழுத்து சிவந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கினான். வலது கை மெதுவாகப் பையிலிருந்து வெளியே வந்தது. தார் கருமை நகக்கண்ணில் அப்பியிருந்த கூரைக்காரன் கை. விரல்கள் முதலில் மூடியிருந்தன.

"தெறந்து வை மகனே" என்றார் எலிசேயோ.

திறந்தான்.

லிப்ராதா உறையிலிருந்து நோட்டுகளை எடுத்தாள். ஒவ்வொரு நூறையும் சொல்லிச் சொல்லி வைத்தாள், சத்தமும் போடாமல், முணுமுணுக்கவும் செய்யாமல், பில் வாசிக்கிற குரலில். பத்தாவது நூறில் அவன் கையை மூடப் போனான். "இன்னும் இருக்கு" என்றாள். இருபதைத் தாண்டியதும் நோட்டுகள் சரியப் பார்த்தன, அவள் இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருபத்தெட்டு நூறு முடிந்தது. ஐம்பது ஒன்று. பிறகு பாட்டுப்பெட்டியிலிருந்து வந்த அவள் பாதி, சில்லறையை மாற்றி நோட்டாக்கியது: இருபதுகள் ஏழு, ஐந்துகள் இரண்டு. கடைசி ஐந்து டாலர் நோட்டு கசங்கியிருந்தது. அதை அவள் விரலால் நீவி நேராக்கி, "மூவாயிரம்" என்று சொல்லி, அவன் உள்ளங்கையில் மற்றவற்றின் மேல் வைத்தாள்.